முன் டயரில் குழி விழுவது ஏன்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பத்துச் சக்கர லாரியில் முன் டயர் இரண்டும் குழி குழியாகத் தேய்கின்றன. ஓரத்தில் ஏறத்தாழ ஒரு சாணுக்கு ஒரு பள்ளம். அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண அளவு) இரண்டு முறை பார்த்தாயிற்று. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை, அதனால் அது நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் மெக்கானிக். அப்படியானால் கோளாறு எங்கே?

பதில்: கசிவு இல்லை என்பதை வைத்து ஷாக்குக்கு நற்சான்று கொடுக்க முடியாது. உள்ளே வால்வும் பிஸ்டன் சீலும் தேய்ந்து, எண்ணெய் தடையே இல்லாமல் மேலும் கீழும் ஓடுகிற ஷாக் வெளியே சுத்தமாகவே தெரியும். மேல் பாதியில் லேசாக எண்ணெய் வியர்த்துத் தூசி படிந்திருந்தால் அதைக் கோளாறு என்று நினைத்துவிடவும் வேண்டாம். ராடு ஏறி இறங்கும்போது சீலுக்கு உயவாக வரும் எண்ணெய் அது. பாடி முழுக்க நனைந்து சொட்டினால்தான் கசிவு.

பாரத்தைத் தாங்குவது கமான் பட்டை, அதாவது வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகள். ஷாக்கின் வேலை, துள்ளிய சக்கரத்தை அடுத்த துள்ளலுக்கு விடாமல் அடக்குவது. லாரியின் ஆக்சில் தன் போக்கில் துள்ளினால் நொடிக்குச் சுமார் 10 முதல் 12 முறை துள்ளும். 80 கி.மீ. வேகத்தில் 22.5 அங்குல ரிம் போட்ட பெரிய டயர் நொடிக்கு ஏறத்தாழ 7 சுற்று சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு ஒன்றரைத் துள்ளல். சக்கரம் மேலே எழும்போது ரோட்டின் மீது பிடிப்பு குறைகிறது, இறங்கும்போது அதே ரப்பர் அழுந்தி இழுபடுகிறது. அழுந்துகிற இடம் சுரண்டப்படும். வேகம் மாற மாற அந்த இடமும் மாறுவதால் டயரைச் சுற்றிலும் பல குழிகள் விழுகின்றன. லேசாக ஒரு குழி விழுந்துவிட்டால் போதும், அடுத்த துள்ளலை அந்தக் குழியே கிளப்பிவிடும். பிறகு ரோடு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் தேய்மானம் நிற்காது. அலைன்மென்ட் எத்தனை முறை பார்த்தாலும் குழி போகாததற்குக் காரணம் இதுதான். கோணத்துக்கும் துள்ளலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

ஷாக்கைச் சோதிக்க எளிய வழி சூடு. துள்ளலை அடக்கும்போது ஷாக் அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. லோடோடு, சாதாரணமாக மேடு பள்ளமுள்ள ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். முதலில் பக்கத்தில் உள்ள சேஸிஸ் இரும்பைத் தொட்டு அதன் சூட்டை மனதில் வையுங்கள். பிறகு ஷாக்கின் கீழ்ப் பகுதியைத் தொடுங்கள். மேலே மூடியிருக்கும் தூசிக் கவசத்தைத் தொட்டால் ஒன்றும் தெரியாது, பலர் ஏமாறுவது அங்கேதான். வேலை செய்கிற ஷாக் சேஸிஸைவிடத் தெளிவாகச் சூடாக இருக்கும். சில நேரம் கை வைக்க முடியாத சூடு இருக்கும், அதனால் முதலில் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரே ஆக்சிலில் ஒன்று சூடாகவும் மற்றது சேஸிஸ் அளவுக்குக் குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்ததுதான் செத்தது. இரண்டுமே குளிர்ந்திருந்தால் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். வழவழப்பான ரோட்டில் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். இன்னும் கரடுமுரடான ரோட்டில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் கையே தேவையில்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு, ஷாக்கைக் கையால் அமுக்கி இழுத்துப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே சீராகத் தடை வர வேண்டும். இழுக்கும்போது தடை கூடுதலாக இருப்பது இயல்பு. திசை மாறும் இடத்தில் தடையே இல்லாமல் வெற்றாக நகர்ந்தாலோ, நடுவில் சிக்கினாலோ அதை மாற்றியே ஆக வேண்டும். இரு முனைகளின் ரப்பர் புஷ்ஷையும் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை) அப்போதே பாருங்கள். புஷ் பிய்ந்திருந்தால் ஷாக் நல்லதாக இருந்தும் பயனில்லை. சக்கரத்தின் முதல் அசைவு முழுவதும் அந்த இடைவெளியிலேயே போய்விடும்.

ஆனால் புது ஷாக் வாங்கும் முன் ஹப்பை, அதாவது சக்கரம் பூட்டியிருக்கும் நடுப்பகுதியைப் பாருங்கள். ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது ஹப் பேரிங், நிற்காமல் தொடர்ந்தால் கிங்பின், அதாவது முன் சக்கரம் இடவலமாகத் திரும்ப உதவும் முளை. இறுக்கத்தைச் சரிசெய்யும் வகைப் பேரிங்கில் டயல் கேஜ் வைத்து அளந்தால் ஆட்டம் 0.025 முதல் 0.127 மி.மீ. வரைதான் இருக்கலாம். இதைத் தாண்டிய பேரிங்கோடு புது ஷாக் போட்டால், புது டயரிலும் குழி விழும். பிறகு பழியெல்லாம் ஷாக் மேல் போகும். டயரில் ஒரே ஓர் இடம் மட்டும் தேய்ந்திருந்தால் கதை வேறு: சக்கரம் பூட்டி உராய்ந்த இடம், பேலன்ஸ், ரிம் வளைவு இவற்றைப் பாருங்கள்.

கேள்வி: குழி இல்லை, ஆனால் டயரின் பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டை) மேல் கையை ஓட்டினால் ஒரு பக்கமாகக் கிழிக்கிறது. இதுவும் ஷாக்கா?

பதில்: இல்லை, இது டோ அளவு தவறியதால் வருவது. முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், வெளிநோக்கியிருந்தால் டோ-அவுட். டயர் சற்றே பக்கவாட்டில் இழுபட்டபடி உருளும்போது, ஒவ்வொரு பட்டனின் ஒரு விளிம்பு மழுங்கி மறு விளிம்பு கூர்மையாகும். வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக, அதாவது வண்டியின் நடுவை நோக்கிக் கையை ஓட்டும்போது வழுக்கி, திரும்பி வெளியே இழுக்கும்போது கிழித்தால் டோ-இன் அதிகம். தலைகீழாக இருந்தால் டோ-அவுட். பெரும்பாலான லாரிகளின் முன் ஆக்சிலுக்கு டோ-இன் 1.5 மி.மீ. அளவில்தான் இருக்கும், உங்கள் வண்டிக்கு உரிய சரியான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு முனையில் ஆட்டம் இருந்தால் அதை மாற்றாமல் டோ வைப்பது வீண் வேலை. வண்டி கிளம்பியதுமே அளவு மாறிவிடும்.

கேள்வி: இடது ஷாக் மட்டும் போய்விட்டது. அதை மட்டும் மாற்றினால் போதாதா? மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒரே ஆக்சிலில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிதும் மறு பக்கம் தேய்ந்ததும் இருந்தால் இரு சக்கரமும் வேறு வேறு விதமாக அடங்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பதும் உண்டு.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, முழுதாக நீட்டியபோதும் சுருக்கியபோதும் நீளத்தை ஒப்பிடுங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடல் ஷாக்கை மாட்டிவிடுவது பெரும் தவறு. ஏர் சஸ்பென்ஷன் (கமானுக்குப் பதில் காற்றுப் பை) வண்டியில் இது இன்னும் ஆபத்து. பல அமைப்புகளில் ஆக்சில் கீழே தொங்காமல் கடைசி எல்லையாக நிறுத்துவதே ஷாக்தான். அது நீளமாக இருந்தால் காற்றுப் பை அளவுக்கு மீறி இழுபட்டு, பீடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வரும்.

எண்ணெய் ஷாக் பெட்டியில் படுத்துக் கிடந்ததால் உள்ளே காற்று இடம் மாறியிருக்கும். மாட்டப்போகும் நிலையிலேயே நிமிர்த்திப் பிடித்து, முழுதாக நீட்டிச் சுருக்குவதை நான்கைந்து முறை செய்யுங்கள். வெற்று நகர்வு போய்ச் சீரான தடை வந்த பிறகு, படுக்க வைக்காமல் மாட்டுங்கள். வாயு நிரப்பிய ஷாக்கைக் கட்டியிருக்கும் பட்டையை, கீழ் முனையைப் பொருத்தத் தயாரான பிறகே வெட்டுங்கள்.

நட்டு துருப்பிடித்து வராவிட்டால் துரு எண்ணெய் விட்டுக் காத்திருங்கள், முடியாவிட்டால் நட்டைப் பிளந்து எடுங்கள். வெல்டிங் நெருப்பை ஷாக் பாடியின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் எண்ணெயும் வாயுவும் வெடிக்கும். புது நட்டும் வாஷரும் போட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, அது தன் உயரத்தில் நிற்கும்போது டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் பிய்யும்.

கேள்வி: ஷாக் மாற்றியும் ஸ்டீயரிங் அதிர்வு அப்படியே இருக்கிறது. ஏமாந்துவிட்டோமா?

பதில்: ஏமாறவில்லை. குழி விழுந்த டயர் குழியோடுதான் ஓடும், ஷாக் அதை நிரப்பாது. அந்த டயர்களை முன் ஆக்சிலிலிருந்து எடுத்து, பட்டன் ஆழம் போதுமானதாக இருந்தால், அதே அளவுள்ள ஜோடியோடு பின்னால் போடுங்கள். சுற்றும் திசையை மாற்றிப் போட்டால் தேய்மானம் மெல்லச் சமமாக வாய்ப்பு உண்டு. முன்னால் சமமாகத் தேய்ந்த டயர்கள் வேண்டும்.

கேள்வி: பின்பக்க ஜோடி டயர்களில் உள் டயர் மட்டும் சீக்கிரம் மொட்டையாகிறது.

பதில்: முதலில் காற்று. உள் டயரின் வால்வு கைக்கு எட்டாது என்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை, உண்மை அதுதான். நீட்டு வால்வு போட்டுவிடுங்கள். வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்று டயர் குளிர்ந்த பின் அளவிடுங்கள். ஜோடிக்குள் 5 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று காற்றை இறக்காதீர்கள். இருக்க வேண்டிய அழுத்தத்தில் 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்த நிலையில் ஓடிய டயரைக் காற்றடித்து மறுபடி ஓட்டக் கூடாது. ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பக்கச் சுவர் கம்பிகளைச் சோதித்த பிறகே போட வேண்டும்.

அடுத்து உயரம். ஜோடி டயர்களின் விட்ட வித்தியாசம் 6 மி.மீ.க்குள், நாடா வைத்துச் சுற்றளவு பார்த்தால் 19 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஹப்பில் பூட்டியவை என்பதால், சிறிய டயர் ரோட்டின் மீது உரசிக்கொண்டேதான் ஓட வேண்டும். பழைய டயர் பக்கத்தில் புது டயரைப் போடுவதுதான் இதற்கு வழக்கமான காரணம்.

இரண்டும் சரியாக இருந்தால் பின் ஆக்சில்கள் இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரு பக்கமும் ஆக்சில் மையத்திலிருந்து மையம் வரை அளந்தால் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் கமானை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளர்வு, கமான் பட்டைகளை நடுவில் பிணைக்கும் சென்டர் போல்ட் முறிவு, ஆக்சிலை இடம் மாறாமல் பிடிக்கும் டார்க் ராடின் புஷ் மூன்றையும் பாருங்கள். பின் ஆக்சில் கோணலானால் வண்டி நேராக ஓட ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பியே பிடிக்க வேண்டி வரும். அதன் தண்டனை முன் டயருக்கும் சேரும்.

கேள்வி: பம்பர் மேல் ஏறிக் குதித்து ஷாக்கைச் சோதிக்கலாமா?

பதில்: காரில் ஓரளவுக்கு. லாரியில் குதித்தால் கால்தான் வலிக்கும்.

கேள்வி: எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது?

பதில்: சுமார் 2,40,000 கி.மீ. என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. கல் ரோட்டில், குவாரியில் ஓடும் வண்டிக்கு அதில் பாதிகூடத் தாங்காமல் போகலாம். கிலோமீட்டரை எண்ணுவதைவிட, ஒவ்வொரு கிரீஸ் சர்வீஸிலும் பட்டன் ஆழத்தை உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில், டயரைச் சுற்றி நான்கு புள்ளிகளில் அளந்து எழுதி வையுங்கள். ஒரே ஓரத்தின் நான்கு புள்ளிகளுக்குள் 2 மி.மீ. வித்தியாசம் வரத் தொடங்கினால் அன்றைக்கே ஷாக்கையும் பேரிங்கையும் சோதியுங்கள். மூன்று இடங்களில் நடு மட்டும் குறைந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் குறைந்தால் காற்று போதவில்லை.