விவிலியத்தின் தானியேல் நூலில் 'மிருகம்' என்பதற்கு அரமேய மொழியில் (எபிரேயத்துக்கு நெருங்கிய பழைய மொழி) உள்ள சொல் என்ன? அது கொடிய விலங்கை மட்டும் குறிக்குமா?

சொல் 'ஹேவா'. 'உயிர்வாழ்' என்ற வேரிலிருந்து வந்தது; எபிரேய 'ஹய்யா'வுக்கு உறவு. கொடூரம் அதன் பொருளில் இல்லை.

தானியேல் 2:4 நடுவிலிருந்து 7-ஆம் அதிகாரம் முடிய மூலமே அரமேயம்தான். அதனால் நேரடியாகவே ஒப்பிடலாம். 4:12-இல் பெரிய மரத்தடியில் நிழலுக்கு ஒதுங்குபவை இதே 'ஹேவா'தான், சாதுவான காட்சி. 7-ஆம் அதிகாரத்தில் கடலிலிருந்து எழும் நான்கு மிருகங்களுக்கும் அதே சொல்தான். அங்கே அச்சம் தருவது இரும்புப் பற்களும் கொம்புகளும் பற்றிய வர்ணனை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 4:16. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாருக்கு மனித இருதயம் போய் 'ஹேவா'வின் இருதயம் வருகிறது. 7:4-இல் சிங்கம் போன்ற மிருகத்துக்கோ மனித இருதயம் கொடுக்கப்படுகிறது. இரண்டையும் சேர்த்தே வாசியுங்கள்.