திரையில் நுழைந்த விரல் ஜாரில் நுழையவில்லை

கேள்வி: கணினியில் முப்பரிமாண மாதிரியை எப்படி வேண்டுமானாலும் சுழற்றிப் பார்க்க முடிகிற காலத்தில், பொருள் வடிவமைப்பாளர்கள் தெர்மாகோலையும் களிமண்ணையும் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்?

அழுகிறவர்களில் நானும் ஒருவன். கோயம்புத்தூரில் சமையலறைச் சாதனங்கள் வடிவமைப்பது என் தொழில்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒன்றரை லிட்டர் மிக்ஸி ஜாருக்குப் பிடி வரையச் சொன்னார்கள். திரையில் அது அன்னத்தின் கழுத்துபோல் வளைந்து நின்றது. ஜாருக்கும் பிடிக்கும் நடுவே 22 மில்லிமீட்டர் இடம் விட்டிருந்தேன். மென்பொருளோடு வந்த கையைப் பொருத்திப் பார்த்தேன். நான்கு விரல்களும் நுழைந்தன. மேலாளரும் தலையாட்டிவிட்டார். பிளாஸ்டிக்கை வார்க்கும் இரும்பு அச்சான மோல்டு வெட்டப் போய்விட்டது.

முதல் சாம்பிள் வந்த அன்று, அசெம்பிளியில் வேலை செய்யும் ஓர் அக்கா ஜாரில் தண்ணீர் நிரப்பித் தூக்கினார். விரல் முட்டிகள் எவர்சில்வர் சுவரில் இடித்தன. "இது சின்னப் பிள்ளைகள் கைக்கா சார் செய்தது?" என்றார்.

திரையில் இருந்த கைக்குச் சதை கிடையாது. எடை இழுக்கும்போது விரல் பிதுங்கும் என்பது அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு, பெரிதாக்கியே பார்த்துப் பழகிய எனக்கு அந்த 22 மில்லிமீட்டர் வாசற்கதவு அகலத்துக்குத் தெரிந்திருக்கிறது.

மோல்டு என்பது பொருளுக்கு நேர்மாறானது. பிளாஸ்டிக் கூட வேண்டுமென்றால் இரும்பைக் கொஞ்சம் வெட்டியெடுத்தால் போதும். குறைய வேண்டுமென்றால் இரும்பைச் சேர்க்க வேண்டும்: வெல்டிங் வைத்து, மறுபடி கடைந்து, மெருகேற்றி. இடைவெளியைக் கூட்ட, எனக்குப் பிடியின் பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டியிருந்தது. மூன்று வாரம் போயிற்று. அந்த நாட்களில் மோல்டு செய்யும் டூல்ரூம் பக்கம் நான் தலைகாட்டவே இல்லை.

இப்போதெல்லாம் கணினியைத் திறப்பதற்கு முன்பே அடர்த்தியான ஃபோம் கட்டை, பிளேடு, உப்புத்தாளோடு உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு காலைப் பொழுதில் மூன்று பிடிகள் செதுக்கிவிடலாம். பழைய ஜாரில் ஒட்டி, உள்ளே ஈர மணலைப் போட்டு மாவின் எடைக்குக் கொண்டுவந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கவிழ்த்துப் பார்க்கச் சொல்வேன். கவிழ்ப்பதுதான் முக்கியம். தூக்கும்போது எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பிடிக்கிறார்கள். ஊற்றும்போதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. என் அம்மா கட்டைவிரலை மூடியின்மேல் அழுத்திக்கொள்கிறார். என் மனைவி இடது கையை ஜாரின் அடியில் கொடுக்கிறார். இதையெல்லாம் நான் எந்த மென்பொருளிலும் பார்த்ததில்லை.

அதற்காகக் கணினி மாதிரியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சுவரின் தடிமன் சீராக இருக்கிறதா, மோல்டிலிருந்து கழன்று வரச் சரிவு போதுமா, திருகு எதிலாவது இடிக்கிறதா என்பதையெல்லாம் ஃபோம் கட்டை சொல்லாது. 1994-இல் முதலில் பறந்த போயிங் 777 முழுக்கக் கணினியிலேயே வடிவமைக்கப்பட்ட விமானம். முன்பெல்லாம் குழாய்களும் வயர்களும் ஒன்றோடொன்று இடிக்கின்றனவா என்று பார்க்க முழு அளவு மாதிரி கட்டுவார்கள். 777-க்கு மூக்குப் பகுதியை மட்டும் கட்டிச் சரிபார்த்தார்கள்.

ஆனால் ஏர்பஸ் ஏ380-இல் கதை வேறு. ஹாம்பர்க் குழு கேட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் 4-ஆம் பதிப்பிலும் துலூஸ் குழு 5-ஆம் பதிப்பிலும் வேலை செய்தன. ஒரு விமானத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வயர். இரண்டு பதிப்புகளும் சரியாக ஒத்துப்போகாததால், பொருத்தும்போது பல இடங்களில் நீளம் எட்டவில்லை. தாமதமாகி, முதல் விமானம் வாடிக்கையாளர் கைக்குப் போக 2007 அக்டோபர் ஆகிவிட்டது.

நீங்கள் கேட்ட களிமண் கார் வடிவமைப்பாளர்களுடையது. அது குயவர் மண் அல்ல, மெழுகு கலந்தது. சூடாக்கி அப்பி, ஆறியதும் சீவுவார்கள். அதை ஸ்கேன் செய்து கணினிக்குள் கொண்டுபோய்த் திருத்தி, இயந்திரத்தால் மறுபடி களிமண்ணிலேயே செதுக்கிப் பார்ப்பதும் உண்டு. ஆகவே இதுவா அதுவா என்ற சண்டையே அங்கே இல்லை.

நானும் அதையேதான் சின்ன அளவில் செய்கிறேன். இப்போது விற்பனையில் இருக்கும் ஜாரின் பிடி, காய்ந்தால் இறுகும் எம்-சீல் பசை சுற்றிய ஒரு கட்டையிலிருந்து வந்தது. காய்வதற்குள் அம்மாவிடம் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். அந்தப் பள்ளங்களை ஸ்கேன் செய்து, வழவழப்பாக்கி, மோல்டுக்கு அனுப்பினேன். இடைவெளி 34 மில்லிமீட்டர். கட்டை என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அம்மாவின் மோதிரம் பதிந்த தடம்கூட அதில் இருக்கிறது. அதை மட்டும் கணினியில் அழித்துவிட்டேன்.