இறந்தவரின் கடன், இன்சூரன்ஸ், வாரிசுப் பங்கு: வாசகர் கேள்விகள்

கணவர் மாரடைப்பில் இறந்து மூன்று மாதம் ஆகிறது. பர்சனல் லோன் 4 லட்சம், கிரெடிட் கார்டில் 80 ஆயிரம் பாக்கி. "இன்சூரன்ஸ் பணம் வந்ததும் கட்டிவிடுங்கள்" என்று தினமும் போன் வருகிறது. நான்தான் நாமினி. கட்டியே ஆக வேண்டுமா? (தஞ்சாவூர் வாசகி)

வங்கி ஆட்கள் நீட்டும் எந்தப் பேப்பரிலும் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஒரு கடிதம்தான்" என்பார்கள். அதில் கடனை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஒரு வரி இருந்தால் போதும், பிரச்சினை உங்கள் தலையில் வந்துவிடும்.

லோனில் நீங்களும் சேர்ந்து வாங்கியவராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால் பொறுப்பு உண்டு. இல்லையென்றால், கணவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைதான் வங்கி கேட்கலாம். உங்கள் சம்பளம், உங்கள் பெயரிலுள்ள வீடு, தாய்வீட்டு நகை எதையும் தொட முடியாது.

இன்சூரன்ஸ் பணத்துக்கு வருவோம். பாலிசியைக் கடனுக்காக வங்கி பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் வங்கிக்குப் போக மிச்சம்தான் உங்களுக்கு. பாலிசி மீதே கடன் வாங்கியிருந்தால் கம்பெனியே கழித்துக்கொள்ளும். 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்த பாலிசி என்றால் கவலையே வேண்டாம். அது மனைவி, பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒதுக்கிய பணம் மாதிரி, கடன் கொடுத்தவர் கை வைக்க முடியாது. பாலிசிப் பத்திரத்தில் அந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

இறந்துபோன தம்பி கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் அம்மாதான் நாமினி. இப்போது தம்பி மனைவி பங்கு கேட்கிறார். ஒரு குழந்தை இருக்கிறது. (மதுரை வாசகர்)

கம்பெனி அம்மாவிடம்தான் பணம் தரும். அந்தப் பணம் அவருக்கே சொந்தமா என்பதுதான் சிக்கல். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர்தான் என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015-இல் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியானால் தொகை அவர்களுக்கே என்றார்கள். ஆனால் அதன் பிறகும் ஐகோர்ட்டுகள் ஒரே குரலில் பேசவில்லை.

வாரிசுச் சட்டப்படி பார்த்தால், இந்துக்கள் என்றால் தாய், மனைவி, குழந்தை மூவருக்கும் சம பங்கு. குழந்தையின் பங்கையாவது அதன் பெயரில் டெபாசிட் போடச் சொல்லி அம்மாவிடம் பேசுங்கள். பேரப்பிள்ளையை எதிர்த்துக் கோர்ட்டில் நிற்க எந்தப் பாட்டிக்கும் மனசு வராது.

தம்பியின் பி.எஃப். கதை வேறு. கல்யாணத்துக்கு முன் செய்த நாமினேஷன் அங்கே கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும்.

அப்பா அடகு வைத்த நகையை நாங்கள் மீட்கலாமா? (கரூர் வாசகி)

தாராளமாக. இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ் கொடுத்து அசலும் வட்டியும் கட்டினால் நகை கைக்கு வரும். ஏல நோட்டீஸ் வருவதற்குள் போங்கள்.

அப்பாவுக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்றே தெரியவில்லை. எங்கே தேடுவது? (திருநெல்வேலி வாசகர்)

பீரோவை விடுங்கள், முதலில் பாஸ்புக்கைப் புரட்டுங்கள். மே மாத வாக்கில் 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம். எப்படி இறந்திருந்தாலும் 2 லட்சம் கிடைக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு மட்டும் முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்குத்தான் தருவார்கள். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. கிளெய்ம் பாரத்தை அந்த வங்கிக் கிளையிலேயே கேளுங்கள்.

அப்பா வேலையில் இருந்தபோதே இறந்தாரா? பி.எஃப். பிடித்த கம்பெனி என்றால் இ.டி.எல்.ஐ. காப்பீடும் உண்டு, 7 லட்சம் வரை. ஊழியர் சம்பளத்தில் இதற்கென ஒரு பைசா பிடிப்பதில்லை, அதனால்தான் பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. 5 ஐ.எஃப். படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கம்பெனி கையெழுத்துப் போட இழுத்தடித்தால் நேராக பி.எஃப். அலுவலகத்துக்கே போங்கள்.