பவரை ஏற்றியும் ஆர்எஃப்ஐடி டேக் படிக்கவில்லையா?

கிடங்கில் ஆர்எஃப்ஐடி டேக்குகளை (பொருள்களில் ஒட்டும், ரேடியோ அலையால் படிக்கப்படும் அடையாளச் சில்லுகள்) படிக்க இரண்டாவது ரீடர் வைத்த பிறகு டேக்குகள் விட்டுப்போகின்றன, பவரைக் கூட்டியும் பயனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேட்டரி இல்லாத டேக் தானாக எதையும் அனுப்புவதில்லை. ரீடர் வீசும் அலையையே கண்ணாடித் துண்டு வெயிலைத் திருப்புவது போலத் திருப்புகிறது. ரீடர் 1 வாட் அனுப்பினால், திரும்புவது அதில் நூறு கோடியில் ஒரு பங்குதான் இருக்கும். அதே நேரத்தில் ரீடர் தன் அலையை நிறுத்தவும் முடியாது. அந்த அலையிலிருந்துதான் டேக்குக்கு மின்சாரம், நிறுத்தினால் டேக் செத்துவிடும். ஆக, முதல் எதிரி ரீடரின் சொந்தக் கசிவுதான். ஒரே ஆன்டெனாவில் அனுப்பலும் வாங்கலும் நடந்தால், நூறில் ஒரு பங்கு கசிந்தாலே அது டேக்கின் பதிலைவிட ஒரு கோடி மடங்கு பெரிது. பவரைக் கூட்டினால் கசிவும் சேர்ந்தே கூடும்.

முதலில் ஆன்டெனாவுக்கு எதிரே இரும்பு அலமாரி இருந்தால் நகர்த்துங்கள். காசில்லாத வைத்தியம், பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்வதைப் பார்த்திருக்கிறேன். அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என ஆன்டெனாவைப் பிரிப்பதும் உதவும்.

அப்புறம், ரீடர் அமைப்பில் டேக் தன் பதிலைக் குறியாக்கும் முறையாக எஃப்எம்0 இருந்தால், மில்லர்-4 என்ற முறைக்கு மாற்றுங்கள். டேக்கின் பதில் ரீடர் அலையிலிருந்து சில நூறு கிலோஹெர்ட்ஸ் தள்ளி விழும். இரைச்சல் அங்கே குறைவு. படிக்கும் வேகம் குறையும், பரவாயில்லை.

இரண்டாவது ரீடரா? வேறு சேனல் கொடுங்கள். ரீடர்கள் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்வது அதில் குறையும். ஆனால் இரண்டும் ஒரே டேக்குகளை எட்டினால் அது போதாது, இரண்டையும் மாறி மாறி இயக்குங்கள்: டேக்கில் ஒரு சேனலை மட்டும் பிரித்தெடுக்கும் ஃபில்டர் கிடையாது, இரண்டு ரீடரும் ஒரே நேரத்தில் பேசினால் அதற்குக் குழப்பம்தான்.