கேள்வி-பதில்: ஹிக்கரி மட்டைகளை வாங்கி ஆடலாமா?

கேள்வி: எடின்பரோவில் வசிக்கும் நான் சில ஆண்டுகளாகக் கோல்ஃப் ஆடி வருகிறேன். இங்குள்ள பழம்பொருள் கடையொன்றில் ஹிக்கரி மரத்தண்டு பொருத்திய பன்னிரண்டு மட்டைகளைத் தோல் பையோடு சேர்த்து விற்கிறார்கள். நூறாண்டுப் பழமையுள்ள அரும்பொருள் என்று கடைக்காரர் அதிக விலை சொல்கிறார். இவற்றை வாங்கி ஆட முடியுமா?

பதில்: தாராளமாக ஆடலாம், ஆனால் அரும்பொருள் என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். எஃகுத் தண்டுகளுக்கு அமெரிக்காவில் 1924-லும் பிரிட்டனின் கோல்ஃப் விதிகளை வகுக்கும் மன்றம் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1929-லும்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை எல்லோரும் ஆடியது பெரும்பாலும் ஹிக்கரியில்தான் என்பதால், அக்காலத்து இரும்புத்தலை மட்டைகள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1930-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றது இத்தகைய மட்டைகளால்தான். அவர் விரும்பிய மட்டைத் தயாரிப்பாளர் டாம் ஸ்டூவர்ட்டின் புகைக்குழாய் முத்திரை ஏதேனும் ஒரு தலையில் இருந்தால் அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். 1930-களில் மரம்போல் தோன்றும் பழுப்பு உறையிட்ட எஃகுத் தண்டுகளும் விற்பனைக்கு வந்தன. காந்தம் ஒட்டினால் அது ஹிக்கரி அன்று. பிறகு ஒவ்வொரு மட்டையையும் பிடிப்பக்கத்திலிருந்து கண்ணருகே நீட்டி, தண்டு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இலேசான வளைவை அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் சூடுகாட்டி நிமிர்த்திவிடுவார். ஆனால் மரத்தின் இழையோடு ஓடும் விரிசலோ, தண்டு தலைக்குள் நுழையும் இடத்தில் வெடிப்போ இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த மட்டையை ஆடுவதற்கு வாங்காதீர்கள், ஏனெனில் வீச்சின் நடுவே தண்டு முறிந்து தலை பறந்து செல்லக்கூடும். தலையை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு பிடியை முறுக்கிப் பார்த்தால் தலை தளர்ந்து ஆடுகிறதா என்பதும் தெரிந்துவிடும். தேய்ந்த தோல்பிடியும் மேலோட்டமான துருவும் பெரிய குறைகளல்ல. கடைசல் சக்கரத்தில் பளபளப்பாக்கிய தலைகளைத் தவிர்ப்பது நல்லது, முத்திரைகள் அழிந்திருக்கும்.

பன்னிரண்டையும் மொத்தமாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே பையில் இருந்தாலும் ஒவ்வொரு தண்டின் வளைவுத்திறனும் வெவ்வேறு. பிராஸி (தொலைதூரம் அடிக்கும் மரத்தலை மட்டை), மிட்-அயர்ன் (நெடுந்தூர இரும்பு மட்டை), மேஷி (நடுத்தூர இரும்பு மட்டை), நிப்லிக் (பந்தை உயரத் தூக்கும் குறுந்தூர மட்டை), பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) ஆகிய ஐந்தும் நல்ல நிலையில் கிடைத்தாலே ஒரு சுற்றை நிறைவாக ஆடிவிடலாம். கையில் எடுத்து வீசிப் பார்த்து, உங்கள் வேகத்துக்கு இணங்குவனவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

இந்த இணக்கத்தில்தான் ஹிக்கரி ஆட்டத்தின் இன்பமே இருக்கிறது. மரத்தண்டு வளைவதோடு சற்று முறுக்கிக்கொள்ளவும் செய்வதால், அவசரமாக வீசினால் தலை பின்தங்கிப் பந்து விலகிப் போகும். தண்டு தன் வளைவை முடித்துத் திரும்புவதற்கு நேரம் கொடுத்து நிதானமாக வீசினால், பந்து தலையின் நடுவில் பட்ட மென்மையான அதிர்வு உள்ளங்கை வரை வந்து சேரும். புதிய மட்டைகள் மன்னித்துவிடும் பிழைகளை ஹிக்கரி மன்னிக்காது. அதனாலேயே ஒரு நல்ல அடியின் மகிழ்ச்சி இதில் பன்மடங்காகிறது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் ஊருக்கு அருகிலேயே, 1874 முதல் 1889 வரை ஆறு முறை பிரிட்டனின் ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்த மஸல்பரோ பழைய மைதானத்தில் ஹிக்கரி மட்டைகளை வாடகைக்குத் தருகிறார்கள். முதலில் அங்கு ஒன்பது குழிகளும் ஆடிப் பாருங்கள்.

மென்மையான பந்துகளையே பயன்படுத்துங்கள். பயிற்சிக்கூட விரிப்பின்மேல் அடிக்காதீர்கள், அந்த அதிர்ச்சி தண்டைப் பிளக்கும். அவ்வப்போது ஆளிவிதை எண்ணெய் தடவி, வெப்பமூட்டிக்கு அப்பால் வையுங்கள். மரம் உலர்ந்து சுருங்கினால் தலை தளர்ந்துவிடும்.

விலை படிந்ததும் ‘மரத்தண்டு, விரிசலற்றது, ஆடத்தக்கது’ என ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் வணிகர் விற்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். சொன்னபடி இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம்.