எல்லைக்கு ஓட்டு: கோத்தகிரி வாசகர் கேள்வி பதில்

குன்னூர் வாசகர்: முதல் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவில் எல்லைத் தகராறை ஓட்டில் தீர்த்தார்களாமே ஐயா. எண்ணிவிட்டால் தீர்ந்ததா?

எண்ணுவது கடைசி வேலை. மண்டலக் கோடு எங்கே, யாருக்கு ஓட்டுரிமை, எந்த அலகில் கணக்கு என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது. டென்மார்க்கும் ஜெர்மனியும் கேட்ட ஷ்லெஸ்விக்கில் ஜெர்மன் படை விலகியது, சர்வதேச ஆணையம் பொறுப்பேற்றது. வடக்கு மண்டலம் 1920 பிப்ரவரி 10-ல் ஒரே தொகுப்பாக வாக்களித்தது. சுமார் 75 சதவீதம் டென்மார்க்குக்கு. டோண்டர் நகரத்தில் ஜெர்மனிக்கே பெரும்பான்மை, இருந்தும் மண்டலத்தோடு சேர்ந்து அதுவும் போனது. தெற்கு மண்டலத்தில் மார்ச் 14-ல் ஊர்வாரிக் கணக்கு. 80 சதவீதம் ஜெர்மனிக்கு. இந்த இரண்டு விதியையும் மாற்றிப் போட்டிருந்தால் இன்றைய எல்லை வேறாக இருந்திருக்கும்.

கூடலூர் வாசகர்: பிழைப்புக்கு வெளியூர் போனவருக்கு ஓட்டு உண்டா?

ஷ்லெஸ்விக்கில் 20 வயது நிரம்பி, மண்டலத்தில் பிறந்திருந்தால் உண்டு. வந்து குடியேறியவர் 1900-க்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஜெர்மனியும் போலந்தும் கேட்ட மேல் சிலேசியாவில் 1921 மார்ச் 20 அன்று வாக்களிக்க வெளியிலிருந்து ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலும் ஜெர்மனி பக்கம். முடிவு ஜெர்மனிக்கு 60, போலந்துக்கு 40 சதவீதம். ஆனால் நகரம் ஒரு பக்கம், சுற்றுக் கிராமம் மறுபக்கம் என்று கலந்து கிடந்ததால் கோடு போட முடியவில்லை. மே மாதம் போலிஷ் எழுச்சி வெடித்தது. அக்டோபரில் சர்வதேச சங்கம்தான் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பிரித்துக் கொடுத்தது.

ஊட்டி வாசகி: தாய்மொழிப்படிதானே ஓட்டு விழும்?

இல்லைம்மா. ஆஸ்திரியாவும் யூகோஸ்லாவியாவும் கேட்ட கரிந்தியாவின் 'அ' மண்டலத்தில் சுமார் 70 சதவீதம் ஸ்லோவீன் மொழியினர். 1920 அக்டோபர் 10-ல் 59 சதவீதம் ஆஸ்திரியாவுக்கே விழுந்தது. தெற்கே காரவாங்கன் மலைச்சுவர், விளைச்சலை விற்கும் கிளாகன்ஃபுர்ட் வடக்கே. நம் கேரட்டுக்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கும் நடுவே எல்லை விழுவதாக நினைத்துப் பாருங்கள். வாக்களித்த முறையும் நல்ல முறை: ஆளுக்கு ஒரு பச்சைச் சீட்டு, ஒரு வெள்ளைச் சீட்டு. வேண்டாத நாட்டின் சீட்டைக் கிழித்து, இரண்டையும் ஒரே உறையில் போட வேண்டும்.

கொடைக்கானல் வாசகர்: தேவிகுளம், பீர்மேட்டுக்கு ஏன் ஓட்டு வைக்கவில்லை?

மாநில எல்லையை மாற்றும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி நாடாளுமன்றத்துக்கு. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் நம் பக்கம் வந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தோட்டத் தமிழரில் பலரை வந்துபோகும் கூட்டமாக மறுசீரமைப்பு ஆணையம் பார்த்தது. ஷ்லெஸ்விக் போல ஒரு குடியேற்றத் தேதி வைத்துப் பட்டியல் எடுத்திருந்தால், எத்தனை பேர் தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்கள் என்று எஸ்டேட் எஸ்டேட்டாகத் தெரிந்திருக்கும். அதைச் செய்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.