தக்காளியின் அடி கறுக்கிறதே?

கேள்வி: கொல்லையில் செங்கல் அடுக்கி மேட்டுப்பாத்தி போட்டேன். தக்காளிக் காயெல்லாம் அடிப்பக்கம் கறுத்துக் குழிவிழுகிறது. மருந்து அடித்தும் நிற்கவில்லை.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் மருந்தை நிறுத்துங்கள். இது பூச்சியோ பூஞ்சையோ இல்லை, காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. மண்ணில் அது இருந்தாலும் தண்ணீரோடுதான் காய்க்கு ஏறும். மேட்டுப்பாத்தியோ தரையைவிடச் சீக்கிரம் காயும், அதனால் இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் இப்படித்தான் ஆகும். காலையில் விரலை 2 அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டாவிட்டால் ஊற்றுங்கள். வைக்கோல் மூடாக்கு 2 அங்குலம் கட்டாயம். யூரியாவைக் குறையுங்கள். முட்டை ஓடு போடலாம், ஆனால் மட்க மாதக்கணக்காகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. கறுத்த காய்களைக் கிள்ளிவிடுங்கள், அப்புறம் பிடிக்கும் பிஞ்சுகள் நன்றாக வரும்.